ஒரு ‘என்ஜாய்’ ஸ்பானிஷில் நாலாகிப் போன கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில் நண்பர் ஒருவர் பழைய தோட்டத்து வீடு ஒன்றைச் சீர்செய்து ஹோம்ஸ்தேயாக விடுகிறார். ஒரு காலத்தில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், குடியிருந்த வீடு. பின்கட்டில் இரண்டு ரம்புத்தான் மரம், ஒரு டுரியான் மரம், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. போன வருஷம் சைக்கிளில் ஊர் சுற்றும் ஸ்பெயின்காரத் தம்பதி இரண்டு ராத்திரி தங்கினார்கள். அவர்கள் போய்ச் சொல்லி, அர்ஜென்டினாவிலிருந்து இரண்டு பேர் வருகிறோம் என்று செய்தி அனுப்ப, நண்பருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசலில் மாட்டியிருக்கும் வரவேற்புப் பலகையில் ஸ்பானிஷையும் சேர்த்துவிடலாம் என்று என் கடைக்கு வந்துவிட்டார்.

என் கடையில் பாரம் நிரப்புவது, மனு எழுதுவது, கல்யாணப் பத்திரிகை திருத்துவது, அப்பப்போ ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்ப்பு. ஸ்பானிஷ் என் சரக்கு இல்லை. நல்லவேளை, அக்கா மகள் அந்த வாரம் லீவில் வந்திருந்தாள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பட்டப்படிப்பு படிக்கிறாள்.

பலகையின் ஆங்கிலத்தில் ஐந்து வரி. ‘என்ஜாய் யுவர் ஸ்டே’ என்று தொடங்கும். அப்புறம் ‘வீ ஹோப் யூ என்ஜாய் தி ஃபுட்’, ‘என்ஜாய் யுவர்செல்வ்ஸ்’, ‘கெஸ்ட்ஸ் என்ஜாய் ஃப்ரீ வைஃபை’. கடைசியில் ‘வீ லவ் விசிட்டர்ஸ்’. நண்பர் ஏற்கெனவே போனில் ஒரு செயலியைக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். நாலு என்ஜாய்க்கும் ஒரே ஸ்பானிஷ் வினை, ‘திஸ்ஃப்ருதார்’. “நாலும் ஒரே வார்த்தைதானே, அதுவும் ஒரே வார்த்தைதான் போட்டிருக்கு, சரியாத்தான் இருக்கும்” என்றார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “இலக்கணம் தப்பில்லை மாமா. ஆனா மனுஷங்க எழுதுன மாதிரி இல்லை” என்றாள்.

ஆங்கில ‘என்ஜாய்’ ஒரு பெரிய சாக்கு. சாப்பாடு ருசித்தது, பொழுது இனிமையாகப் போனது, வசதி கிடைத்தது, சொத்து கையில் இருக்கிறது, எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டலாம். நாமும் அந்தச் சாக்கை அப்படியே வாங்கி ‘என்ஜாய் பண்ணு’ என்று தோளில் போட்டுக்கொண்டோம். ஸ்பானிஷில் அது செல்லாது. அங்கே சாக்கை அவிழ்த்து உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குப் புரிந்தது, ஆங்கிலத்திலிருந்து போனால் திணறும் இடங்களில் தமிழிலிருந்து போனால் பாதி வழி தானாகத் திறக்கிறது என்பதுதான்.

சாப்பாட்டு வரியிலிருந்து தொடங்கினோம். உணவு பிடித்திருக்கும் என்று நம்புகிறோம் என்பதற்கு அங்கே ‘குஸ்தார்’ என்ற வினை வர வேண்டும். ஸ்பானிஷ் பாடத்தில் உலகம் முழுக்க மாணவர்கள் இடறி விழும் முதல் கல் இதுதான். ஆங்கிலத்தில் ‘ஐ லைக் டுரியான்’. மலாயில் ‘சாயா சுகா டுரியான்’. இரண்டிலும் ‘நான்’ முன்னால் நின்று வேலை செய்கிறேன். ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் துரியான்’. இதில் ‘மே’ என்றால் ‘எனக்கு’. டுரியான் வேலை செய்கிறது, நான் வாங்கிக்கொள்கிறேன். அவளோடு படிக்கும் பிள்ளைகள் பலர் முதல் வாரத்தில் ‘யோ குஸ்தோ’, அதாவது ‘நான் பிடிக்கிறேன்’ என்கிற தினுசில் எழுதினார்களாம். இவளுக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. வீட்டில் பிறந்ததிலிருந்து ‘எனக்குப் பிடிக்கும்’ என்றுதானே சொல்லி வளர்ந்தாள். நாலாம் வேற்றுமை ‘கு’ உருபு நம் வாயிலேயே இருக்கிறது.

ஒரு பக்கக் கதை. ஆங்கில ‘லைக்’கும் ஆதியில் இப்படித்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு ‘பிடித்தமாக இருப்பது’ என்று பொருள். பிடித்தவருக்குக் ‘கு’ போட்டுத்தான் சொன்னார்கள். காலப்போக்கில் ஆங்கிலேயர்கள் அதைத் திருப்பிப் போட்டு, தங்களையே எழுவாய் ஆக்கிக்கொண்டார்கள். தோட்டத்துத் துரைமார்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்தக் ‘கு’ பிடிப்பதோடு நிற்பதில்லை. தலை வலிக்கிறது என்றால் ‘மே துவேலே லா கபேசா’, எனக்குத் தலை வலிக்குது. எனக்குத் தோணுது என்றால் ‘மே பரேசே’. ஒருவர் தனக்குப் பிடிக்கும் என்று சொல்ல, பக்கத்தில் இருப்பவர் நாம் சொல்வதுபோலவே ‘எனக்கும்’ என்று முடித்துவிடலாம்: ‘அ மீ தம்பியென்’. ‘தம்பியென்’ என்பது நம் ‘உம்’. அங்கே ‘நானும்’ என்று சொன்னால் தப்பு. அதற்காக எல்லாமே நம் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குப் பசிக்குது என்பதை அவர்கள் ‘நான் பசி வைத்திருக்கிறேன்’ என்கிற மாதிரி ‘தெங்கோ அம்ப்ரே’ என்பார்கள். அந்த இடத்தில் ‘கு’ காணாமல் போய்விடும்.

இன்னொரு ஒற்றுமை எனக்கு ரொம்பவே பிடித்தது. ‘எனக்குப் படிக்கப் பிடிக்கும்’ என்பதில் ‘படிக்க’ என்பது செயவென் எச்சம். ஸ்பானிஷிலும் ‘மே குஸ்தா லெயெர்’ என்று வினையின் மூல வடிவம்தான் வரும். அதையே ‘படித்து மகிழ்கிறேன்’ என்று சொன்னால் நாம் செய்தென் எச்சத்துக்குத் தாவுகிறோம். அவர்களும் அங்கே தாவுகிறார்கள்: ‘திஸ்ஃப்ருதோ லெயெந்தோ’. இது வேறொரு வடிவம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரீடிங்’ என்று ஒன்றையே போட்டு ஓட்டிவிடலாம். அதனால் ஆங்கிலத்திலிருந்து வருகிறவருக்கு எது எங்கே என்று மனப்பாடம் செய்யாமல் முடியாது. நம் காது இரண்டையும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

சரி, தமிழ் கை விடும் இடம் எது? ‘பிடிக்கும்’ ஒருமை பன்மை பார்க்காது. ஒரு ரம்புத்தானுக்கும் அதே, ஒரு கூடைக்கும் அதே. ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய் என்பதால் வினை அதன் சொல் கேட்டு நடக்கும். டுரியான் என்றால் ‘மே குஸ்தா’. ரம்புத்தான்கள் என்றால் ‘மே குஸ்தான் லோஸ் ரம்புத்தானெஸ்’. தமிழ்ப் பிள்ளைகள் ‘மே’யைச் சரியாகப் போட்டுவிட்டு இந்த ‘ன்’னில் கோட்டை விடுவார்கள். அக்கா மகளும் விட்டிருக்கிறாள், ஒரு தேர்வில் நாலு மதிப்பெண் போச்சாம். இன்னொரு இடமும் உண்டு. ‘அத்தைக்குப் பிடிக்கும்’ என்று நாம் ஒரு தடவை சொன்னால் போதும். அங்கே ‘அ மி தீயா லே குஸ்தா’, அதாவது ‘என் அத்தைக்கு, அவங்களுக்குப் பிடிக்கும்’ என்று ‘கு’வை இரண்டு தடவை கட்ட வேண்டும். ‘லே’யை விட்டால் வாக்கியம் நொண்டும்.

பலகைக்கு அவள் எழுதியது ‘எஸ்பெராமோஸ் கே லெஸ் குஸ்தே லா கொமிதா’. நான் அதை வாய்விட்டுப் படித்தேன். ‘குஸ்தே’யில் வருவது நம் ‘த’வுக்குப் பக்கத்துச் சத்தம், நாக்கு பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலம் படித்த வாய் அதை ‘குஸ்டே’ என்று மடித்துவிடும். “மாமா, நீங்க தமிழ் மாதிரியே படிங்க, போதும்” என்றாள்.

‘குஸ்தார்’ லத்தீனில் ருசி பார்ப்பது. அந்தப் பழைய வாசனை சாப்பாட்டு மேசையில் இன்னும் அடிக்கிறது. மெக்சிகோ மாதிரி இடங்களில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்தவர் வந்துவிட்டால், மரியாதைக்கு ‘¿குஸ்தா?’ என்று கேட்பார். பிடிக்குமா என்ற கேள்வி இல்லை அது. நம் ‘வாங்க சாப்பிடலாம்’தான். வந்தவர் அநேகமாக உட்கார மாட்டார், ‘புவென் ப்ரொவேச்சோ’ என்று வாழ்த்திவிட்டு நகர்வார். ‘ப்ரொவேச்சோ’ என்றால் பயன், நன்மை. சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்று பாட்டி சொல்வாள் அல்லவா, அது. ‘என்ஜாய் யுவர் மீல்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்ற முயலாமல் இதைப் போட்டால் போதும். தமிழ்ப் பலகையில் நண்பர் ‘உணவை என்ஜாய் செய்யுங்கள்’ என்று எழுதி வைத்திருந்தார். அதை அன்றைக்கே ‘நன்றாகப் பசியாறுங்கள்’ என்று மாற்றச் சொன்னேன். மலேசியாவில் இருந்துகொண்டு ‘பசியாறு’ என்ற சொல்லை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது ‘என்ஜாய் யுவர்செல்வ்ஸ்’. இங்கே எந்தப் பொருளும் இல்லை, பொழுது மட்டும்தான். கூத்து, விளையாட்டு, சிரிப்பு என்றால் ‘திவெர்தீர்ஸே’ போடலாம். பொதுவாக என்றால் ‘பசார்லோ பியென்’. ‘பசார்’ என்றால் கடப்பது, போவது. கல்யாணத்துக்குப் போய் வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், ‘நல்லா பொழுது போச்சு’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வார்ப்பு. ஸ்பெயினில் ‘லோ பசே பியென்’, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘லா பசே பியென்’. வாழ்த்தாகச் சொல்லும்போது வினையின் வால் மாறும்: ‘கே லோ பாசென் பியென்’. முன்னால் ஒரு ‘கே’, வினையில் ஓர் உயிரெழுத்து மாற்றம். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பாடம் முழுக்க ஓடும். தமிழில் அதற்குப் பெயர் ‘அட்டும்’. போகட்டும், ஆகட்டும், அமையட்டும். பொழுது நல்லா போகட்டும்.

வைஃபை வரியில் நிற்கவே வேண்டாம். விருந்தாளிக்கு இலவச வைஃபை இருக்கிறது, அவ்வளவுதான். அதில் ஆனந்தம் எதுவும் இல்லை, அதுவும் லிந்தாங் சாலையில் மழை பெய்தால். ‘திஸ்போனென் தே’ என்று ‘வசம் உண்டு’ என்கிற பொருளில் போட்டு முடித்தாள். நல்ல உடல்நலம், நல்ல பெயர் மாதிரி விஷயங்களை ஆங்கிலத்தில் ‘என்ஜாய்’ செய்வதாகச் சொன்னால் ஸ்பானிஷில் ‘கோசார் தே’ வரும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அதையே ‘கோதார்’ என்பார்கள், நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து. லத்தீனில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சில இடங்களில் படுக்கையறை வாடையும் உண்டு என்பதால் பலகையில் வேண்டாம் என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இதற்கு நடுவில் நண்பர் தன் பங்குக்கு அகராதியைத் தட்டி, “இங்க பாரு, ஸ்பானிஷிலயே என்ஜாய் இருக்கு!” என்று கத்தினார். இருக்கத்தான் செய்கிறது. எழுத்துக்கு எழுத்து அப்படியே தொடங்கி ‘ஆர்’ என்று முடியும் ஒரு வினை, வாயில் ‘என்ஹொயார்’ என்று வரும். பொருள், நகை பூட்டி அலங்கரிப்பது. பலகையில் அதைப் போட்டிருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் நண்பர் ஆளுக்கு ஒரு சங்கிலி போட வேண்டியிருக்கும்.

கடைசி வரி, ‘வீ லவ் விசிட்டர்ஸ்’. செயலி இதற்கு ‘அமார்’ போட்டிருந்தது. அது கணவன் மனைவி, தாய் பிள்ளை, கடவுள் என்று கனமான இடங்களுக்கான வினை. விடுதி வாசலில் அதைப் பார்த்தால் வந்தவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். சரி, ‘குஸ்தார்’ போடலாமே, ‘உங்களை எங்களுக்குப் பிடிக்கும்’ என்று? அதில்தான் வில்லங்கம். ஆளைப் பற்றி ‘மே குஸ்தா’ என்று சொன்னால் பெரும்பாலும் ஈர்ப்பு என்றுதான் காதில் விழும். இதுவும் நமக்குப் புதிதா என்ன? ‘எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று ஒரு பையன் சொன்னால், குணத்தைப் பாராட்டுகிறான் என்று எந்தப் பெண்ணும் நினைக்க மாட்டாள். பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் கேட்கும் ‘பிடிச்சிருக்கா?’வும் அந்த வகை. வெறுமனே ஆள் நல்லவர், பழகப் பிடிக்கும் என்று சொல்ல ஸ்பானிஷில் ‘மே கயே பியென்’ இருக்கிறது. நேர்ப்பொருள் ‘எனக்கு நல்லபடியாக விழுகிறார்’.

ஆகவே ‘என்காந்தார்’. இதன் அடியில் இருப்பது லத்தீனில் மந்திரம் ஓதுவது. ‘மே என்காந்தா’ என்றால் எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிக்கும். நேர்ப்பொருளுக்குப் போனால் ‘என்னைச் சொக்க வைக்குது’. ஃபேஸ்புக்கில் ஸ்பானிஷ் வைத்துப் பாருங்கள், கட்டைவிரல் ‘மே குஸ்தா’, இதயம் ‘மே என்காந்தா’. உச்சம் அந்த வினைக்குள்ளேயே இருப்பதால் பின்னால் ‘ரொம்ப’ சேர்த்தால் ஸ்பானிஷ் காதுக்கு உறுத்தும். சொக்குப்பொடி போட்டாச்சு என்ற பிறகு கொஞ்சம் சொக்கினானா நிறைய சொக்கினானா என்று கேட்பது போல. பேய் வீட்டுக்கும் ‘காசா என்காந்தாதா’ என்றுதான் பெயர். கிராணி வீட்டைப் பற்றி ஊரில் உலவும் பழைய கதைகளை நினைத்து நண்பர் முகம் ஒரு நொடி மாறியது. விருந்தாளிகளை வரவேற்பது எங்களுக்கு ஆனந்தம் என்ற பொருளில் ‘நோஸ் என்காந்தா ரெசிபீர் பிசீதாஸ்’ என்று எழுதி அந்த வரியை முடித்தோம்.

ஸ்பானிஷ் ‘குஸ்தோ’ நம் பக்கத்துக்கும் எப்போதோ வந்துவிட்டது. பிலிப்பீன்ஸை ஸ்பெயின் 1565-இலிருந்து 1898 வரை ஆண்டது. இன்றைக்கு ஒரு பிலிப்பினோ ‘குஸ்தோ கோ’ என்றால் ‘எனக்கு வேணும், எனக்குப் பிடிக்கும்’ என்று அர்த்தம். ஈப்போவில் பிலிப்பினோப் பணிப்பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் இடத்தில் காது கொடுத்தால் கேட்கும்.

முதல் வரியைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தோம். ‘என்ஜாய் யுவர் ஸ்டே’. இதற்கு ‘திஸ்ஃப்ருதார்’ பொருத்தம், செயலி இந்த ஒரு வரியில் ஜெயித்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பழம் இருக்கிறது. ‘ஃப்ரூதோ’ என்றால் பழம், விளைச்சல். ‘திஸ்ஃப்ருதார்’ முதலில் நிலத்தின் பலனை எடுத்துக்கொள்வது, பிறகுதான் இன்பம் துய்ப்பது. நம் ‘பலன்’ என்ற சொல்லும் பழத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். அந்த நிலவாடை ஸ்பெயினின் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. 1889-இல் வந்த அவர்களின் சிவில் சட்டத் தொகுப்பு, 467-வது பிரிவில் அனுபோக உரிமையை விளக்கும்போது இதே வினையைத்தான் போடுகிறது: பிறர் சொத்தை ‘திஸ்ஃப்ருதார்’ செய்யும் உரிமை, ஆனால் அதன் உருவமும் உள்ளடக்கமும் கெடாமல் காக்கும் கடமையோடு. இதை நான் சொன்னதும் நண்பர், “ஹோம்ஸ்தேக்கு இதைவிட நல்ல ரூல் இல்லை, இதையும் பலகையில போடு” என்றார்.

தமிழில் இதற்கு இணை ‘ரசி’ அல்ல, ‘அனுபவி’. பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதுதான் ‘திஸ்ஃப்ருதார்’. ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ‘அனுபவி’ இரண்டு பக்கமும் வெட்டும். ‘செஞ்சதை அனுபவிக்கிறான்’ என்றால் அங்கே இன்பம் ஏது. ஸ்பானிஷ் வினை நல்லதற்கு மட்டும்தான். கெட்ட உடல்நலத்தை ஒருவர் ‘திஸ்ஃப்ருதார்’ செய்கிறார் என்று எழுதினால் தப்பு என்பார்கள், இல்லையென்றால் கிண்டல் என்று நினைப்பார்கள்.

‘கே திஸ்ஃப்ருதென் தே சு எஸ்தான்சியா’ என்று எழுதிவிட்டு அக்கா மகள் பேனாவைக் கடித்தாள். ‘எஸ்தான்சியா’ ஸ்பெயினில் தங்கல். வரப்போகிறவர்களோ அர்ஜென்டினாக்காரர்கள். அவர்கள் ஊரில் ‘எஸ்தான்சியா’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆயிரக்கணக்கான ஏக்கரில் மாடு மேயும் பெரும் பண்ணை, அதாவது எஸ்டேட். தங்கலுக்கு அவர்கள் ‘எஸ்தாதீயா’ என்பார்கள். அவர்களுக்கும் விஷயம் புரியும், ஆனாலும் உள்ளூரச் சிரிப்பார்கள். தோட்டத்து நடுவில் ஒரு வீடு, வாசலில் ‘உங்கள் எஸ்டேட்டை ஆண்டு அனுபவியுங்கள்’.

நண்பர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஓய்வு பெற்ற மாதமே லயத்து வீட்டைக் காலி செய்தவர். ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்றுதான். நண்பரின் அப்பாவும் அதில் ஒரு பங்கு வைத்திருந்தாராம். பங்குச் சீட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

“எஸ்தாதீயான்னு மாத்தட்டுமா அங்கிள்?” என்று அவள் கேட்டாள்.

“வேணாம்மா,” என்றார். “எஸ்டேட்டுன்னே இருக்கட்டும்.”